வளைந்த வெளிக்குள் தட்டையான டைல்ஸ்: பிரவுசரில் திருப்பித் திருப்பிப் பார்க்க முழுமையான வழிகாட்டி

ஒரு ஏ4 தாளில் சதுரக் கட்டம் போட்டு, நீளவாக்கில் சுருட்டி, ஓரத்தோடு ஓரம் ஒட்டிப் பாருங்கள். குழாய் வரும், கட்டங்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. சரி, இப்போது அந்தக் குழாயை வளைத்து இரண்டு வாயையும் சேர்க்கப் பாருங்கள். உள்பக்கம் கசங்கும், வெளிப்பக்கம் இழுபட்டுக் கிழியும். மெதுவடை வடிவத்தின் மேல் எல்லாச் சதுரமும் ஒரே அளவில் இருக்கும்படி, வழவழப்பாக டைல்ஸ் பதிக்க நமது முப்பரிமாண வெளியில் வழி கிடையாது. மூடிய பரப்பு எதுவானாலும் பந்து மாதிரி புடைத்த இடம் ஒன்றாவது அதில் இருந்தே தீரும், அந்த இடத்தில் சதுரம் தட்டையாக உட்காராது. அலைமேல் அலை, அதன்மேல் இன்னும் பொடி அலை என்று முடிவில்லாமல் நெளியவிட்டால் முடியும் என்பது 1950-களில் ஜான் நாஷ், நிக்கோலாஸ் கைப்பர் என்ற கணிதவியலாளர்கள் செய்த வேலையிலிருந்து கிடைத்தது. பிரான்சில் ஒரு குழு 2012-இல் அதைப் படமாகவே வரைந்து காட்டியது. அழகான படம்தான், ஆனால் நாம் போகும் வழி அது இல்லை.

டைல்ஸ் இருக்கும் வெளியும் வளைந்திருந்தால் என்ன ஆகும் என்பதுதான் நம் கேள்வி. வில்லியம் கிங்டன் கிளிஃபர்ட் என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளர் 1873-இல் இதற்குப் பதில் கண்டுபிடித்தார் (33 வயதில் இறந்துபோன மனிதர் அவர்). நாற்பரிமாணத்தில் இருக்கும் ஒரு கோளத்தின் மேற்பரப்பை ஒரு வெளியாக எடுத்துக்கொண்டால், அதற்குள் ஒரு வடை கசங்காமல் கிழியாமல் முழுத் தட்டையாக உட்காரும். இன்று அதைக் கிளிஃபர்ட் டோரஸ் என்கிறோம். அதன்மேல் சதுரமும் அறுகோணமும் பதித்து, மவுஸால் இழுத்தால் புரளும் ஒரு படமாகப் பிரவுசரில் செய்வதுதான் இந்த வழிகாட்டி. ஜாவாஸ்கிரிப்ட் கொஞ்சம் தெரிந்து, திரீ.ஜேஎஸ் என்ற முப்பரிமாண வரைகலை நூலகத்தில் ஒரு கனசதுரத்தைச் சுழலவிட்டுப் பழகியிருந்தால் போதும்.

தொடங்கும் முன் ஒன்று. திரையில் தெரியப்போகும் படத்தில் சில சதுரங்கள் பெரிதாகவும் சில சிறிதாகவும் இருக்கும். அந்தக் கோணல் டைல்ஸுடையது இல்லை, நான்கு பரிமாணத்தை மூன்றுக்குள் இறக்கும்போது வருவது. இதைப் படிப்பவர் நம்ப வேண்டும் என்றால் நிலையான படம் உதவாது, கையால் திருப்பிப் பார்க்க விட வேண்டும். கீழே சொல்லும் ஒவ்வொரு முடிவும் இதை மனதில் வைத்து எடுத்ததுதான்.

முதல் படி: ஏன் தட்டை என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்

ஒரு புள்ளிக்கு நான்கு எண்கள். அவற்றை இரண்டு கோணங்களிலிருந்து செய்கிறோம். ஒன்றை நெடுக்கு என்றும் இன்னொன்றைக் குறுக்கு என்றும் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் 0 முதல் 360 பாகை வரை ஓடும்.

1-ஆம் எண் = முதல் ஆரம் × கொசைன்(நெடுக்கு)
2-ஆம் எண் = முதல் ஆரம் × சைன்(நெடுக்கு)
3-ஆம் எண் = இரண்டாம் ஆரம் × கொசைன்(குறுக்கு)
4-ஆம் எண் = இரண்டாம் ஆரம் × சைன்(குறுக்கு)

இரண்டு ஆரங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 1 வர வேண்டும். அப்போதுதான் புள்ளி நாற்பரிமாணக் கோளத்தின் மேல் இருக்கும். இரண்டும் சமம் என்றால் ஒவ்வொன்றும் 1 ÷ √2, அதாவது 0.7071.

நெடுக்கு மாறும்போது முதல் இரண்டு எண்கள் மட்டும் அசைகின்றன, குறுக்கு மாறும்போது அடுத்த இரண்டு மட்டும். ஒன்றின் அசைவு இன்னொன்றைத் தொடுவதே இல்லை. சாதாரண வடையில் அப்படி இல்லை, குறுக்கே நகர நகர நெடுக்கு வட்டமும் பெரிதாகும், சிறிதாகும். இங்கே எந்தக் குறுக்குக் கோணத்தில் நின்றாலும் நெடுக்கு வட்டத்தின் சுற்றளவு அதேதான். தாளில் போட்ட கட்டம் போலவே எல்லா இடத்திலும் ஒரே அளவு.

கணக்காகவும் பார்க்கலாம். கோள வெளியின் சொந்த வளைவு +1. அதற்குள் இந்தப் பரப்பு ஒரு திசையில் +1 அளவும் செங்குத்துத் திசையில் −1 அளவும் வளைகிறது, குதிரைச் சேணம் மாதிரி. இரண்டின் பெருக்கல் −1, வெளியின் +1-உடன் சேர்த்தால் பூஜ்யம். ஆரங்கள் சமமாக இல்லாவிட்டாலும் இரண்டு வளைவுகளும் ஒன்றுக்கொன்று தலைகீழ் எண்களாக, எதிர்க் குறியோடுதான் வரும், பெருக்கல் அப்போதும் −1-தான். ஆகவே ஆரங்களை எப்படி மாற்றினாலும் தட்டைத்தன்மை போகாது. இது பின்னால் அறுகோணத்துக்குக் கைகொடுக்கும்.

இரண்டாம் படி: நான்கை மூன்றாக இறக்குதல்

ஸ்டீரியோகிராஃபிக் வீழலைப் (கோளத்தின் உச்சியில் விளக்கு வைத்து நிழல் விழவைப்பது போன்ற முறை) பயன்படுத்துங்கள், வேறு எதுவும் வேண்டாம். முதல் மூன்று எண்களை, (1 − 4-ஆம் எண்) என்பதால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். நான்காவது எண்ணை அப்படியே தூக்கிப்போடும் எளிய வழியும் உண்டு, ஆனால் அதில் பரப்பு தன்னைத் தானே வெட்டிக்கொண்டு குழம்பும். ஸ்டீரியோகிராஃபிக்கில் இரண்டு நன்மைகள்: எதுவும் எதையும் வெட்டாது, கோணங்கள் மாறாது. சதுரம் எவ்வளவு ஊதினாலும் சுருங்கினாலும் அதன் மூலையில் 90 பாகைதான்.

சம ஆரங்களோடு இறக்கினால் ஓர் அசல் வடை கிடைக்கும். வடையின் சதை 1 ஆரமுள்ள குழாய், அந்தக் குழாயின் நடுக்கோடு மையத்திலிருந்து √2 தூரத்தில். ஓட்டையின் ஆரம் 0.414, வெளி ஓரம் 2.414. முதல் சோதனைக்கு இந்த எண்களையே வைத்துக்கொள்ளுங்கள். கன்சோலில் ஆயிரம் புள்ளிகளை ஓடவிட்டு, மைய அச்சிலிருந்து மிகக் குறைந்த தூரமும் மிக அதிகத் தூரமும் இவைதானா என்று பாருங்கள். இல்லை என்றால் ஷேடர் (கிராஃபிக்ஸ் சிப்பில் ஓடும் சிறு நிரல்) பக்கமே போகாதீர்கள், தவறு இங்கேயே இருக்கிறது.

வெளி ஓரத்துச் சதுரம் ஓட்டைக்குள் இருக்கும் சதுரத்தைவிடப் பக்கத்துக்குப் பக்கம் 5.8 மடங்கு பெரிதாகத் தெரியும். உண்மையில் இரண்டும் ஒன்றே.

மூன்றாம் படி: எதை எங்கே கணக்கிடுவது

பெரும்பாலானவர்கள் இங்கேதான் சிக்குகிறார்கள். மூலைப் புள்ளிகளை மட்டும் இறக்கி, நடுவில் நேர்க்கோடு இழுத்துவிட்டால் டைல்ஸின் விளிம்பு வளையாது, முறித்துப் போட்ட ஈர்க்குச்சி மாதிரி நிற்கும். விளிம்பைப் பொடிப்பொடியாக வெட்டி வரையலாம்தான். ஆனால் பிரவுசரில் முப்பரிமாணம் வரையும் வெப்ஜிஎல்லில் கோட்டின் தடிமனைக் கூட்டச் சொன்னாலும் பெரும்பாலான கணினிகள் 1 பிக்சலுக்கு மேல் கேட்காது.

நான் சொல்லும் வழி இது. 256-க்கு 256 என்று ஒரு வெறும் வலையைப் போடுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் நெடுக்கு, குறுக்கு ஆகிய இரண்டு கோணங்களை மட்டும் சேமியுங்கள். நான்கு எண்களைச் செய்வது, நாற்பரிமாணத்தில் திருப்புவது, மூன்றுக்கு இறக்குவது ஆகிய மூன்றும் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓடும் வெர்டெக்ஸ் ஷேடரில் நடக்கட்டும். டைல்ஸ் வடிவத்தை ஒவ்வொரு பிக்சலுக்கும் ஓடும் ஃபிராக்மென்ட் ஷேடர் வரையட்டும், அதுவும் அந்த இரண்டு கோணங்களை வைத்தே, அதாவது தட்டைத் தாளில் நின்றுகொண்டே. அப்போது கோட்டின் தடிமனும் தாளில் உள்ள தடிமனாக இருக்கும். பெரிதாகத் தெரியும் சதுரத்துக்குத் தடித்த கோடு, சிறிதாகத் தெரிவதற்கு மெல்லிய கோடு. பார்க்கிறவர் கண்ணுக்கு இந்தத் தடிமன் வித்தியாசமே ‘இது வீழலின் வேலை’ என்று சொல்லிவிடும்.

திரீ.ஜேஎஸ்ஸில் கவனிக்க இரண்டு விஷயங்கள். ஒரு பொருள் கேமராவுக்குள் விழுகிறதா என்பதை அது பொசிஷன் என்ற பண்பை வைத்துத்தான் முடிவு செய்யும். நீங்கள் அங்கே வெறும் கோணங்களையோ பூஜ்யங்களையோ வைத்திருந்தால், நன்றாகத் தெரிந்துகொண்டிருந்த வடை ஒரு கோணத்தில் திடீரென்று காணாமல் போகும், எந்தப் பிழைச் செய்தியும் வராது. ஃபிரஸ்டம் கல்லிங் என்ற அந்த வசதியை இந்தப் பொருளுக்கு மட்டும் நிறுத்திவிடுங்கள். இரண்டாவது, மேட்ரிக்ஸ்4-இன் செட் என்ற கட்டளை எண்களை வரிசை வரிசையாக வாங்கும், உள்ளே நெடுவரிசையாக வைத்துக்கொள்ளும். நேரடியாக எலிமென்ட்ஸ் பட்டியலில் கைவைத்தால் சுழற்சி எதிர்த்திசையில் ஓடும்.

நான்காம் படி: நேர்ப்புள்ளியும் ஊடுபுள்ளியும்

கோலம் போடத் தெரிந்தவருக்கு இந்தப் படி பாதி தெரிந்த விஷயம். சதுர டைல்ஸ் என்பது நேர்ப்புள்ளி (புள்ளிக்கு நேராகப் புள்ளி), அறுகோண டைல்ஸ் என்பது ஊடுபுள்ளி (இரண்டு புள்ளிக்கு நடுவே புள்ளி).

சதுரத்தில் சிக்கல் இல்லை. இரண்டு சுற்றையும் 12 பங்காக்கினால் 144 சதுரங்கள். ஒவ்வொரு பிக்சலுக்கும் அருகிலுள்ள விளிம்பு எவ்வளவு தூரம் என்று பார்த்து, குறைவென்றால் கோட்டின் நிறம், இல்லையென்றால் கட்டத்தின் நிறம். கறுப்பு வெள்ளையாக மாற்றி மாற்றி நிரப்ப நினைத்தால் இரட்டைப்படை எண்ணே வையுங்கள், 13 வைத்தால் சுற்றி வந்து சேரும் இடத்தில் ஒரே நிறக் கட்டம் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். இன்னொன்று: மாற்றுக் கட்டங்களை நிரப்பாமல் ஜன்னல் மாதிரி திறந்துவிட்டால் உள்ளே நடப்பதும் தெரியும். எனக்கு இந்த ஜன்னல் பாணிதான் பிடித்தது.

பங்கை 4 ஆக வைத்துப் பாருங்கள். 16 மூலை, 32 விளிம்பு, 16 சதுரம். இந்த 16 மூலைகளும் டெசராக்ட் எனப்படும் நாற்பரிமாணக் கனசதுரத்தின் மூலைகளேதான். அதன் 24 சதுர முகங்களில் 16 சேர்ந்து இந்த வடையைச் சுற்றி வருகின்றன. கோக்ஸெட்டர் என்ற வடிவியல் அறிஞர் 1930-களில் ஒழுங்கான சாய்வுப் பன்முகிகள் என்று வகைப்படுத்தியவற்றில் இந்த வரிசையும் உண்டு. டெசராக்டில் விளிம்புகள் நேராக ஓடும், நம் படத்தில் பரப்போடு ஒட்டி வளையும், வித்தியாசம் அவ்வளவுதான்.

அறுகோணத்தில்தான் நான் இரண்டு நாள் தொலைத்தேன். சம ஆரங்கள் வைத்த வடையின் தாள் ஒரு சதுரத் தாள். ஊடுபுள்ளியில் எந்தப் புள்ளியிலிருந்து தொடங்கினாலும் நான்கு புள்ளிகளைச் சேர்த்து ஒரு சரியான சதுரத்தை அமைக்கவே முடியாது. செங்குத்துத் திசைகளின் நீளங்களுக்கு இடையே எப்போதும் ஒரு √3 வந்து நிற்கும், அது முழு எண் விகிதம் ஆகாது. ஆக அறுகோணத்தை வற்புறுத்திச் சேர்த்தால் ஒன்று நசுங்கும், இல்லை என்றால் தையலில் பாதி அறுகோணம் தொங்கும். நான் எண்ணிக்கையை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன், மாற்ற வேண்டியதோ ஆரத்தை.

முதல் ஆரம் 1/2, இரண்டாம் ஆரம் √3/2. வர்க்கங்களைக் கூட்டுங்கள்: கால் + முக்கால் = 1. வெளியின் நிபந்தனையும் நிறைவேறுகிறது, இரண்டு சுற்றளவுகளின் விகிதமும் சரியாக √3. இரண்டு பக்கமும் 6 பங்காக்கினால் ஒரு செவ்வகத்துக்கு இரண்டு வீதம் 72 அறுகோணங்கள், ஒன்றுகூட நசுங்காமல் உட்காரும். மூலைகள் 144, விளிம்புகள் 216. மூலையிலிருந்து விளிம்பைக் கழித்து முகத்தைக் கூட்டினால் 144 − 216 + 72 = 0, வடைக்கு வர வேண்டிய எண். இந்தப் பொருத்தத்தை முதன்முதலில் திரையில் பார்த்தபோது நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்.

ஷேடரில் வரையும் முறை: ஊடுபுள்ளி என்பது இரண்டு நேர்ப்புள்ளி வரிசைகளை அரைப் பங்கு தள்ளி ஒன்றன்மேல் ஒன்று வைத்ததுதான். பிக்சலுக்கு இரண்டு வரிசையிலும் எந்தப் புள்ளி அருகில் என்று பார்த்து, இரண்டில் கிட்ட இருப்பதை எடுத்தால் அதுதான் அந்த அறுகோணத்தின் மையம். கோணத்தை வைத்துத் தூரம் அளக்காதீர்கள். நெடுக்கை முதல் ஆரத்தாலும் குறுக்கை இரண்டாம் ஆரத்தாலும் பெருக்கி, நிஜ நீளமாக்கிய பிறகே அளக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் எல்லா அறுகோணமும் ஒரு பக்கம் இழுத்த மாதிரி தெரியும், வீழல்தான் காரணம் என்று நினைத்து ஏமாறுவீர்கள்.

ஆரங்களுக்கு ஒரு ஸ்லைடர் கொடுக்க ஆசை வரும், கொடுங்கள். ஒரே கோணத்தின் கொசைன் முதல் ஆரம், சைன் இரண்டாம் ஆரம். 45 பாகையில் சதுரத் தாள், 60-இல் அறுகோணத் தாள். 0-க்கும் 90-க்கும் நடுவில் எங்கே நின்றாலும் தாள் தட்டைதான், ஆனால் எந்த டைல்ஸ் சேரும் என்பது மாறும். 0.8-க்கு 0.6 நல்ல இடம், அங்கே 16-க்கு 12 என்று 192 சரியான சதுரங்கள் வரும்.

ஐந்தாம் படி: மவுஸ்

நாற்பரிமாணத்தில் சுழற்ற ஆறு தளங்கள் உண்டு. ஆறு ஸ்லைடர் வைத்த பக்கங்களைப் பார்த்திருக்கிறேன், யாருக்கும் எதை இழுத்தால் என்ன ஆகும் என்று கடைசிவரை புரியாது. வெறுமனே இழுத்தால் வழக்கமான முப்பரிமாணச் சுழற்சி, ஷிஃப்ட் பிடித்துக்கொண்டு இழுத்தால் (போனில் இரண்டு விரல்) நான்காம் அச்சோடு கலக்கும் சுழற்சி, இது போதும். பக்கவாட்டு இழுப்புக்கு 1-4 தளம், மேல்கீழ் இழுப்புக்கு 2-4 தளம். மவுஸின் ஒவ்வொரு சிறு அசைவையும் ஒரு குட்டிச் சுழற்சி மேட்ரிக்ஸாக்கி, இதுவரை சேர்ந்த மேட்ரிக்ஸின் இடது பக்கம் பெருக்குங்கள். கோணங்களைக் கூட்டிக்கொண்டே போனால் கொஞ்ச நேரத்தில் கை ஒரு பக்கம் இழுக்க வடை வேறு பக்கம் புரளும். சில நூறு பெருக்கலுக்கு ஒருமுறை அந்த மேட்ரிக்ஸின் நெடுவரிசைகளை ஒன்றுக்கொன்று செங்குத்தாக்கி நீளத்தை 1-க்குக் கொண்டுவந்துவிடுங்கள், இல்லாவிட்டால் தசமப் பிழை சேர்ந்து பரப்பு மெல்ல ஊதும்.

இப்போது சம ஆர வடைக்கு வந்து 2-4 தளத்தில் மெதுவாக இழுத்துப் பாருங்கள். வெளி ஓரத்தின் ஒரு பக்கம் வீங்கத் தொடங்கும். 45 பாகை வந்ததும் அந்த வீக்கம் முடிவிலிக்கே போய்விடும், பரப்பு வடையாக இல்லாமல் வெளி முழுவதையும் ஒரே மாதிரியான இரண்டு பாதியாகப் பிரிக்கும் ஒரு திரையாக நிற்கும். இன்னும் இழுங்கள். திரை மறுபக்கமாகச் சுருண்டு மூடும், 90-இல் அதே அளவு வடை, ஆனால் வேறு அச்சைச் சுற்றி, உள்பக்கம் வெளிப்பக்கமாக மாறியிருக்கும். இரு பக்கத்துக்கும் இரு நிறம் கொடுத்திருந்தால், முதலில் ஓட்டையைச் சுற்றிப் பொடியாக இருந்த சதுரங்கள் ஊதிப் பெரிதாவதையும் பெரியவை சுருங்குவதையும் கண்ணால் பின்தொடரலாம். ஒரே ஒரு சதுரத்துக்குச் சிவப்பு கொடுத்து அதை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். எந்தச் சதுரமும் நிரந்தரமாகப் பெரியதில்லை என்பது அந்த ஒரு இழுப்பிலேயே விளங்கிவிடும்.

1-2 தளத்தையும் 3-4 தளத்தையும் சேர்த்து ஒரே வேகத்தில் சுழற்றும் ஒரு பொத்தானும் வையுங்கள். பரப்பு அசையாது, டைல்ஸ் மட்டும் மூலைவிட்டத் திசையில் வழுக்கும். அந்த மூலைவிட்டக் கோடுகள் கோள வெளியின் பெருவட்டங்கள், அதாவது அங்கே நேர்க்கோடு என்றால் அவைதான். சதுரங்களின் விளிம்புகள் அப்படி இல்லை. வடையைச் சாய்வாகச் சரியான கோணத்தில் வெட்டினால் வெட்டுமுகத்தில் இரண்டு முழு வட்டங்கள் வரும் என்று 1848-இல் வில்லார்சோ என்ற பிரெஞ்சு அறிஞர் எழுதினாரே, திரையில் தெரியும் அந்தச் சாய்வு வட்டங்கள் இவைதான்.

ஆறாம் படி: முடிவிலியில் வரும் குப்பை

பரப்பு வீழல் புள்ளியைக் கடக்கும்போது (1 − 4-ஆம் எண்) பூஜ்யத்தை நெருங்கும். அந்த இடத்து முக்கோணங்கள் திரைக்குக் குறுக்கே பெரிய கத்தி மாதிரி பாயும். சுழற்சிக்குப் பின் நான்காம் எண் 0.98-ஐத் தாண்டினால் அந்தப் பிக்சலை விட்டுவிடச் சொல்லுங்கள். மையத்திலிருந்து சுமார் 10 அலகுக்கு அப்பால் உள்ளது மட்டும் வெட்டுப்படும். வெட்டு பளிச்சென்று தெரியாமல் இருக்க 0.9-இலிருந்தே பின்னணி நிறத்தோடு கரைத்துவிடுங்கள். வலை 64-க்கு 64 என்றால் வெட்டிய ஓரம் பல்பல்லாக இருக்கும், 256 என்று நான் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

இதே உத்தி, எதிர்ப்புற வளைவில்

ஹைப்பர்பாலிக் வெளியில், அதாவது சொந்த வளைவு −1 ஆக உள்ள வெளியில், இப்படி உட்காரும் தட்டையான பரப்பு ஒன்றுக்கு ஹோரோஸ்பியர் என்று பெயர். அந்த வெளியின் வடிவியலை முதலில் உருவாக்கிய போல்யாய், லோபசெவ்ஸ்கி இருவருக்குமே இது தெரிந்திருந்தது. அங்கே சுற்றி வந்து சேர வேண்டிய கட்டாயம் இல்லை, ஆகவே ஆரம், விகிதம் பற்றிய கவலையும் இல்லை. சதுரம், முக்கோணம், அறுகோணம் எல்லாம் எந்த அளவிலும் உட்காரும்.

செய்வது சுலபம். உயரம் 1-இல் கிடையாக ஒரு தளத்தில் டைல்ஸை வரையுங்கள். அப்புறம் ஒவ்வொரு புள்ளியையும் (0, 0, −1) என்ற மையத்திலிருந்து பாருங்கள்: மையத்திலிருந்து புள்ளிவரை உள்ள அம்பை 2-ஆல் பெருக்கி, அதன் நீளத்தின் வர்க்கத்தால் வகுத்து, மீண்டும் மையத்தோடு கூட்டுங்கள். முடிவில்லாத அந்தத் தளம் அரை அலகு ஆரமுள்ள உருண்டையாகி, 1 அலகு ஆரமுள்ள பெரிய உருண்டைக்குள் அடியில் ஒரே புள்ளியில் தொட்டுக்கொண்டு நிற்கும். மேலே பெரிய அறுகோணங்கள், அடியை நோக்கிப் போகப் போகப் பொடி. இங்கே மவுஸ் இழுப்புக்குக் கொடுக்க வேண்டியது சுழற்சி இல்லை, தளத்தில் டைல்ஸைப் பக்கவாட்டில் நகர்த்தும் அசைவு. இழுக்க இழுக்க, தொடும் புள்ளியின் ஒருபுறத்திலிருந்து அறுகோணங்கள் பொடியாகக் கிளம்பி, பெரிதாகி உச்சியைக் கடந்து, மறுபுறமாகச் சுருங்கி அதே புள்ளிக்குள் போய் நுழையும்.